கண் பிரிவில் செவிலியர் பராமரிப்பு: பாடநூல் ஒரே வரியில் கடந்துபோகும் இடங்கள்

புதுவார்டு எழுதியது:

வணக்கம். பொது மருத்துவப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய எனக்குச் சென்ற மாதம் கண் பிரிவுக்கு மாற்றம் வந்தது. படிக்கும் காலத்தில் கண் நோய்கள் என்பவை தேர்வுக்கு முந்தைய இரவில் புரட்டி முடித்த சில பக்கங்கள்தாம். அந்தப் பக்கங்களை இப்போது மீண்டும் எடுத்துப் படித்தபோது, கண்புரைக்கும் கண் அழுத்த நோய்க்கும் விழித்திரை விலகலுக்கும் கருவிழிப் புண்ணுக்கும் ‘மருத்துவர் எழுதியபடி சொட்டு மருந்து இடுக, நோயாளியின் அச்சத்தைப் போக்குக’ என்ற ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு சலிப்புத்தான் மிஞ்சியது.

முதல் வாரத்திலேயே ஒரு குட்டு விழுந்தது. ஒரு நோயாளிக்கு நான்கு வகைச் சொட்டு மருந்துகள் எழுதப்பட்டிருந்தன. நான்கையும் ஒரே நிமிடத்தில் அடுத்தடுத்து விட்டுவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தேன். பின்னால் நின்றிருந்த பொறுப்புச் செவிலியர், “நாலில் மூன்றைக் கன்னத்துக்கு ஊற்றிவிட்டீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஏன் என்று கேட்க அன்று நேரம் வாய்க்கவில்லை. இந்தப் பிரிவில் நீண்ட காலம் இருப்பவர்கள், உண்மையில் எது முக்கியம், எதில் தவறினால் பார்வை போகும் என்பதை எழுதினால் நன்றியுடன் இருப்பேன்.

மூத்தசெவிலி எழுதியது:

உங்கள் பொறுப்புச் செவிலியர் சொன்னது கணக்கு. கீழ் இமையை இழுத்தால் உருவாகும் பை அதிகபட்சம் 30 மைக்ரோலிட்டர் அளவுக்குத்தான் திரவத்தைத் தாங்கும்; அதிலும் கண்ணீர் ஏற்கெனவே ஓரளவு இடத்தைப் பிடித்திருக்கும். குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டே 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும். ஆக, முதல் சொட்டிலேயே பை நிரம்பி வழிகிறது. இரண்டாவது மருந்தை உடனே விட்டால் அது முதல் மருந்தையும் கழுவிக்கொண்டு வெளியேறும். எனவே இரண்டு மருந்துகளுக்கு இடையில் ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். தெளிவான திரவம் முதலில், குலுக்கிவிட வேண்டிய கலங்கல் மருந்து அடுத்து, களிம்பு கடைசியில். களிம்பை முதலில் இட்டால் அதன் எண்ணெய்ப் படலம் பின்னால் வரும் சொட்டை உள்ளே விடாது.

மருந்தை விட்டபின் கண்ணை மெதுவாக மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய உள்மூலையில் விரல் நுனியால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்த வேண்டும். பலர் இதை ஒரு சடங்கு போல இரண்டு விநாடி தொட்டுவிட்டு எடுத்துவிடுகிறார்கள். அந்த மூலையில் இருக்கும் கண்ணீர்க் குழாய் நேரே மூக்குக்குள் இறங்குகிறது. மூக்கின் உட்சவ்வு வழியாக மருந்து கல்லீரலைத் தொடாமலேயே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. கண் அழுத்த நோய்க்குத் தரும் டைமோலால் இப்படி உள்ளே போனால் நாடித்துடிப்பு குறையும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் இறுகும். “கண்ணில் விடுகிற மருந்துதானே” என்று சொல்லி ஆஸ்துமா உண்டா என்று கேட்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். டைமோலால் எழுதப்பட்டிருந்தால் நாடித்துடிப்பையும் மூச்சுத்திணறல் வரலாற்றையும் கேட்டுக் குறித்துவிட்டுத்தான் குப்பியைத் திறக்க வேண்டும்.

குப்பியின் முனை இமையிலோ இமைமுடியிலோ படக்கூடாது. திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதிவையுங்கள். தயாரிப்பாளர் வேறு விதமாகக் குறிப்பிடாவிட்டால் திறந்த நாளிலிருந்து 28 நாளில் அதை அப்புறப்படுத்துவது வழக்கம்.

அந்திப்பணி எழுதியது:

அக்கா சொல்வது முழுவதும் சரி என்றாலும் ஒரு ஷிஃப்டில் முப்பது நோயாளிகளை ஒருவரே பார்க்கும் இடத்தில் ஒவ்வொருவரிடமும் ஐந்து ஐந்து நிமிடம் நிற்பது நடக்கிற காரியமா? படித்தபோது எனக்கும் இது தெரியும். நடைமுறையில் எல்லாரும் அடுத்தடுத்து ஊற்றிவிட்டுத்தான் போகிறார்கள்.

மூத்தசெவிலி எழுதியது:

நிற்கத் தேவையில்லை, சுற்றி வாருங்கள். முதல் படுக்கையிலிருந்து வரிசையாக எல்லாருக்கும் முதல் மருந்தை மட்டும் விட்டுக்கொண்டே போனால், கடைசிப் படுக்கையை முடித்துத் திரும்பும்போது முதல் படுக்கைக்காரருக்கு இடைவெளி தானாகவே கிடைத்திருக்கும். ஆனால் ஒவ்வொருவருக்கும் இடையில் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும், ஒருவர் குப்பி இன்னொருவருக்குப் போகக்கூடாது. உள்மூலையை அழுத்தும் வேலையை நோயாளிக்கோ உடனிருப்பவருக்கோ கற்றுக்கொடுத்துவிடலாம். வீட்டிலும் அவர்கள்தானே செய்யப்போகிறார்கள்.

பலகைஎழுத்து எழுதியது:

நான் செவிலியர் இல்லை, பார்வைப் பரிசோதகர். ஒன்றை மட்டும் சொல்ல அனுமதியுங்கள். கண் நோயாளி எவர் வந்தாலும் முதலில் எடுக்க வேண்டியது பார்வை அளவு. பொது வார்டில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எப்படியோ, கண் பிரிவில் இது அப்படி. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக, கண்ணாடி அணிபவராக இருந்தால் கண்ணாடியுடன், ஆறு மீட்டர் தொலைவில் உள்ள எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். பலகை தெரியாவிட்டால் விரல்களை எண்ணச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் கையசைவு, அதுவும் இல்லையென்றால் வெளிச்சம் தெரிகிறதா என்பது. ‘பார்வை மங்கல்’ என்று மட்டும் எழுதப்பட்ட கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு, நேற்றைவிட இன்று குறைந்திருக்கிறதா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, மூடியின் நிறம். கண்மணியை விரிக்கும் மருந்துகளுக்குச் சிவப்பு, சுருக்கும் பைலோகார்பினுக்குப் பச்சை, டைமோலால் வகைக்கு மஞ்சள் என்று ஒரு வழக்கம் உண்டு. எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைப் பின்பற்றுவதில்லை. ஆகவே நிறத்தை நம்பிக் கை நீட்டாமல் பெயரைப் படியுங்கள்.

அவசரவாசல் எழுதியது:

பலகைஎழுத்து சொன்ன விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: கண்ணில் இரசாயனம் தெறித்து வந்தவர். அங்கே பார்வை அளவு, பதிவுச் சீட்டு, முகவரி எதுவும் முதலில் இல்லை; தண்ணீர்தான் முதலில். அமிலம் திசுவின் மேற்பரப்பை உறையச் செய்து தானே ஒரு தடுப்பை உண்டாக்கிக்கொள்ளும். சுண்ணாம்பு, சிமெண்ட், கழிவறை அடைப்பு நீக்கி போன்ற காரங்கள் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், ஆகவே அவற்றில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. மரத்துப்போகும் சொட்டு ஒன்றை விட்டு, நார்மல் சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு அதன் குழாயை நேரே கண்ணில் பிடித்துக் குறைந்தது அரை மணி நேரம் கழுவுகிறோம். சலைன் கைக்கு எட்டவில்லை என்றால் தேடிக்கொண்டிருக்காமல் குழாய்த் தண்ணீரில் தொடங்கிவிட வேண்டும். தலையைப் பாதிக்கப்பட்ட கண்ணின் பக்கம் சாய்த்து, தண்ணீர் உள்மூலையிலிருந்து வெளிமூலைக்கு ஓடும்படி பார்த்துக்கொண்டால் மற்றக் கண் தப்பிக்கும். மேலிமையைப் புரட்டிப் பார்க்காமல் நிறுத்தக்கூடாது. சுண்ணாம்புத் துகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துத் சோதனைத் தாளை வைத்து, அமில-கார அளவான பி.எச். 7-க்கும் 7.4-க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்து, நிற்கவில்லை என்றால் மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

இனி என் மனத்தை இன்றும் அறுக்கும் ஒரு நிகழ்ச்சி. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் இடத்தில், அறுபது வயதை நெருங்கிய ஓர் அம்மா இரவு பத்து மணிக்கு வாந்தியும் தலைவலியுமாக வந்தார். வயிற்றுக் கோளாறு என்று டிரிப் ஏற்றி, வாந்தி நிற்க ஊசி போட்டுப் படுக்க வைத்தோம். ஒரு கையால் வலது புருவத்தை அழுத்தியபடியே படுத்திருந்தார். விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறது என்று அவர் சொன்னதை மயக்கத்தில் பேசுவதாக நினைத்துக்கொண்டோம். நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. விடிந்தபின் வந்த மருத்துவர் டார்ச் விளக்கை அடித்தார். கருவிழி பனி படிந்த கண்ணாடி போல இருந்தது. கண்மணி பாதி விரிந்த நிலையில் வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றது. மூடிய இமையின் மேல் விரலை வைத்தபோது அந்தக் கண் கூழாங்கல்லைப் போல இருந்தது. கண்ணுக்குள் ஊறும் திரவம் வடியும் கோணம் திடீரென அடைபட்டு வரும் கண் அழுத்த நோய். இயல்பாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும் அழுத்தம் அப்படிப்பட்ட நேரத்தில் 40, 50 என்று ஏறிவிடும். அந்தக் கண்ணில் பார்வை முழுவதும் திரும்பவில்லை.

அதன்பிறகு, ஒரு பக்கத் தலைவலியும் வாந்தியுமாக யார் வந்தாலும் டார்ச்சை எடுக்காமல் நான் விடுவதில்லை. உறுதியானால் நோயாளியை மல்லாக்கப் படுக்க வைக்கிறோம். கண்ணின் லென்ஸ் சற்றுப் பின்னோக்கிச் சரிய அது உதவும். அழுத்தத்தைக் குறைக்கும் அசெட்டசோலமைடு கொடுக்கும் முன் சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உண்டா என்று கேட்க வேண்டும். அதே நோக்கத்துக்காக நரம்பு வழியே மன்னிட்டால் ஏற்றினால் இதய நோய் உண்டா என்பதையும் சிறுநீர் அளவையும் கவனிக்க வேண்டும். பைலோகார்பின் பெரும்பாலும் அழுத்தம் கொஞ்சம் இறங்கியபின்தான் வேலை செய்யும். ஆகவே அது உடனே எழுதப்படவில்லையே என்று பதற வேண்டாம்.

ஓய்வில்இருப்பவர் எழுதியது:

நான் பணியில் சேர்ந்த காலத்தில் கண்புரை அறுவைக்குப் பின் நோயாளியின் தலைக்கு இரு புறமும் மணல் மூட்டை வைத்து, இரண்டு கண்களையும் கட்டி, நாள்கணக்கில் அசையவிடாமல் கிடத்துவோம். இருமினால் தையல் விட்டுவிடும் என்று எங்களுக்கே உயிர் போய் உயிர் வரும். இன்று காலையில் அறுவை, மாலையில் வீடு என்பதைப் பார்க்கும்போது வியப்புத்தான். ஆனால் ஒன்றில் எனக்கு இன்றைய பிள்ளைகளுடன் உடன்பாடில்லை. புண்ணான கண்ணைக் கட்டி மூடினால்தான் அதற்கு ஓய்வு. இப்போது எல்லாரும் திறந்தே விடுகிறார்கள். இது ஆள் பற்றாக்குறைக்குச் சொல்லும் சமாதானமா?

மூத்தசெவிலி எழுதியது:

அம்மா, உங்கள் காலத்து ஒழுங்கில் பாதி இருந்தாலே எங்கள் வார்டு உருப்பட்டுவிடும். ஆனால் கட்டு விஷயத்தில் திறந்து விடுவதே சரி. கிருமித் தொற்றால் வந்த கருவிழிப் புண்ணை மூடினால் உள்ளே சூடும் ஈரமும் தேங்கிக் கிருமி வளர வசதியாகிவிடும். சீழ் வெளியேற வழி இருக்காது. செடி கொடி கீறியதால் வந்த பூஞ்சைப் புண்ணுக்கு நேட்டமைசினை மணிக்கொரு முறை இரவும் பகலும் விட வேண்டியிருக்கும்போது கட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. தொற்று இல்லாத சாதாரணக் கீறலில்கூடக் கட்டுப்போடுவதால் விரைவில் ஆறுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. கான்டாக்ட் லென்ஸ் அணிபவருக்கு வந்த கீறலைக் கட்டுவது ஆபத்தே.

மூட வேண்டிய கண் வேறு. கூரான பொருள் குத்திக் கிழிந்ததாகச் சந்தேகம் இருந்தால், கண்ணைத் தொடாத குவிந்த கெட்டியான மறைப்பை எலும்பின் மேல் பதியும்படி ஒட்டுகிறோம். பஞ்சு வைத்து அழுத்தக்கூடாது, குத்தியிருப்பதை இழுக்கக்கூடாது, சொட்டோ களிம்போ விடக்கூடாது. சாப்பாடு நிறுத்தம், வாந்தி வராமல் ஊசி, டெட்டனஸ் தடுப்பூசி பற்றிய கேள்வி. ஒரே ஓர் ஓக்காளத்தில் கண்ணின் உள்ளிருப்பது வெளியே வந்துவிடக்கூடும்.

இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். வலி தாங்காத நோயாளி, பரிசோதனையின்போது விட்ட மரத்துப்போகும் சொட்டைத் தன்னுடன் கொடுத்தனுப்பும்படி கெஞ்சுவார். கொடுக்காதீர்கள். தொடர்ந்து விட்டால் கருவிழி ஆறாது, கரையத் தொடங்கும்.

பச்சைஉடுப்பு எழுதியது:

அறுவை அரங்கிலிருந்து இரண்டு சேதிகள். கண்புரைக்கு வருகிற ஆண்களிடம் “சிறுநீர் சரியாகப் போக மாத்திரை ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று நேரடியாகக் கேளுங்கள். டாம்சுலோசின் எடுப்பவர்களுக்கு அறுவையின்போது கண்மணியைச் சுற்றியுள்ள நிறப் படலம் (ஐரிஸ்) தொய்ந்து துணிபோல ஆடும். மாத்திரையை எப்போதோ நிறுத்தியிருந்தாலும் அப்படி ஆகலாம். முன்கூட்டித் தெரிந்தால் மருத்துவர் ஆயத்தமாக இருப்பார். ‘வேறு மருந்து உண்டா’ என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலோர் சர்க்கரை மாத்திரையை மட்டும் சொல்லிவிட்டு இதை மறந்துவிடுவார்கள்.

இரண்டாவது, விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்து அனுப்பப்படும் நோயாளி. அந்தக் குமிழி வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை இருக்கும். அது இருக்கும்வரை விமானப் பயணம் கூடாது. வேறு ஏதாவது அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கூடவே கூடாது. அந்த வாயு குமிழிக்குள் புகுந்து அதை ஊதிப் பெருக்கி, விழித்திரையின் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். குமிழி இருப்பதைச் சொல்லி மணிக்கட்டில் கட்டும் அடையாளப் பட்டையை நோயாளிகள் குளிக்கும்போது கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது ஏன் என்று ஒரு நிமிடம் விளக்கினால் எறிய மாட்டார்கள்.

குமிழி விழித்திரை ஓட்டையை அழுத்திப் பிடிப்பதற்காகக் குப்புறப் படுக்கச் சொன்ன நோயாளியின் பராமரிப்பு முழுக்க முழுக்க நம் வேலை. நெற்றி, கன்ன எலும்பு, முழங்கை, முழங்கால் ஆகியவற்றில் தோல் சிவக்கிறதா என்று பாருங்கள். கால்களை அசைக்கச் சொல்லுங்கள். முகம் தரையை நோக்கியிருப்பதுதான் தேவை, உடல் முழுதும் குப்புறக் கிடக்க வேண்டும் என்பதில்லை. மேசையில் தலையணை வைத்து நெற்றியைச் சாய்த்து உட்காரலாம். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மருத்துவர் எழுதியதைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

நான்காம்மணி எழுதியது:

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் கண் நோயாளி வருவதில்லை, நாங்கள்தான் உண்டாக்கிவிடுகிறோம். மயக்கத்தில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரின் இமைகள் ஒரு மில்லிமீட்டர் திறந்திருந்தாலும் கருவிழி காய்ந்து புண்ணாகும்; வலிக்கிறது என்று சொல்ல அவரால் முடியாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இமை முழுதும் மூடியிருக்கிறதா என்று பார்த்து, மூடாவிட்டால் ஈரப்பதக் களிம்பு இட்டு, தேவையானால் மெல்லிய பாலித்தீன் படலத்தால் மறைக்கிறோம். தொண்டையில் சளியை உறிஞ்சி எடுத்த குழாயை முகத்தின் மேலாகக் கொண்டுபோகக் கூடாது. பக்கவாட்டில் நின்று எடுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு துளி கண்ணில் விழுந்தால் போதும், ஓரிரு நாளில் கருவிழி வெள்ளையாகிவிடும்.

மங்கல்ஒளி எழுதியது:

இங்கே எழுதுபவர்கள் எல்லாரும் பணியில் இருப்பவர்கள் போலத் தெரிகிறது. நான் படுக்கையில் கிடந்தவன். விழித்திரையின் மையப்பகுதி தேய்ந்ததால் இரண்டு கண்களிலும் நடுப்பார்வை இல்லை. இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். தொடுவதற்கு முன் பேசுங்கள். போகும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். யாரும் இல்லாத அறையில் நான் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். நடத்திச் செல்லும்போது என் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொள்ள விடுங்கள். நீங்கள் அரையடி முன்னால் நடந்தால் படி வருவது உங்கள் உடலசைவிலேயே எனக்குத் தெரிந்துவிடும். கதவை முழுதாகத் திறந்து வையுங்கள் அல்லது முழுதாக மூடுங்கள். பாதி திறந்த கதவின் விளிம்பு என் நெற்றியில் இன்னும் தழும்பாக இருக்கிறது.

அடுத்தது, பார்வை போன சில மாதங்களில் எனக்குச் சுவரில் சின்னச் சின்ன மனிதர்கள் தொப்பி அணிந்து வரிசையாகப் போவது தெரியத் தொடங்கியது. புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து வீட்டாரிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு செவிலியர்தான், “இல்லாத உருவம் ஏதாவது தெரிகிறதா?” என்று தாமாகவே கேட்டார். 1760-இல் சார்லஸ் போனே என்ற அறிஞர், பார்வை மங்கிய தம் தாத்தா கண்ட காட்சிகளைப் பற்றி எழுதியிருப்பதையும், அதற்கு அவர் பெயரையே வைத்திருப்பதையும், அது மனநோய் ஆகாது என்பதையும் அவர் சொன்னபோது அழுதுவிட்டேன். அந்த மனிதர்கள் இப்போதும் எப்போதாவது வருகிறார்கள், இப்போது பயமில்லை.

புதுவார்டு எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஒவ்வொரு பதிலையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மங்கல்ஒளி ஐயா, உங்கள் கேள்வியை இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பூனைகள்” என்றார்.

இன்னொரு பழக்கத்தையும் தொடங்கியிருக்கிறேன். வீட்டுக்குப் போகும் முன் ஒவ்வொருவரையும் என் கண்முன்னே தங்கள் மருந்தைத் தாங்களே விடச் சொல்கிறேன். ஆறு ஆண்டுகளாகக் கண் அழுத்த நோய்க்கு மருந்து எடுக்கும் ஒருவர், அண்ணாந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இமையின் மேல் ஒரு சொட்டை விட்டுத் துடைத்துக்கொண்டார். “ஆறு வருஷமாக இப்படித்தான்” என்றார். இன்னொருவர் திருகினால் துளை விழும் மூடியைப் பற்றித் தெரியாமல் ஊக்கால் குத்திப் பெரிய ஓட்டை போட்டிருந்தார். மாதம் முழுக்க வர வேண்டிய குப்பி பத்து நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. இருவருக்கும் அழுத்தம் குறையவில்லை என்று மருந்தை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

கண்புரை அறுவை முடிந்தவர்களுக்கு ஒரே வாக்கியம் சொல்லி அனுப்புகிறேன்: உறுத்தல் நாளுக்கு நாள் குறைய வேண்டும், முதல் வாரத்தில் வலி கூடினாலோ, சிவப்பு கூடினாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே, அந்த மணியே வர வேண்டும். உள்ளே சீழ் பிடித்தால் அது மணிக்கணக்கில் கெடும் என்று மருத்துவர் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது ஒரு சந்தேகம். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன ஓர் அம்மா, தனியாக இருப்பவர், குப்பியைப் பிதுக்கவே முடியவில்லை. பிதுக்கினாலும் சொட்டு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

மூத்தசெவிலி எழுதியது:

உட்கார வைக்காதீர்கள், படுக்க வைத்துப் பழக்குங்கள். குப்பி பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் அடங்கும். குப்பியை மாட்டிக்கொண்டு உள்ளங்கையால் அமுக்குகிற பிடிப்பான்கள் மருந்துக் கடையில் கிடைக்கும். ஒன்றை வரவழைத்து அவர் கையிலேயே பொருத்திப் பாருங்கள். சொட்டு விழுந்ததா என்று தெரிவதற்கு, குளிரில் வைக்கக்கூடிய மருந்துதானா என்று அட்டையில் பார்த்துக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து விடச் சொல்லுங்கள். உள்ளே விழுந்தால் சில்லென்று இருக்கும்.